யானைக் கதை சொன்ன பிள்ளைகள்

1916 செப்டம்பர் 13. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் இர்வின் என்றொரு சிறிய ரயில்வே ஊர். ரயில் பாதையில் பாரம் தூக்கும் கிரேனில் அன்றைக்கு ஒரு யானையைத் தூக்கில் போட்டார்கள். அதன் பெயர் மேரி, சர்க்கஸ் யானை. முந்தின நாள் கிங்ஸ்போர்ட் என்ற ஊரில், தன்னை ஓட்டிவந்த புதுப் பணியாளை அது கொன்றுவிட்டது. அதற்குத்தான் இந்தத் தண்டனை. முதலில் கட்டிய சங்கிலி அறுந்து யானை கீழே விழுந்தது. இன்னொரு சங்கிலியைக் கட்டி மறுபடியும் தூக்கினார்கள். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

யானை செத்தது, பழி ஊரின்மேல் விழுந்தது. ‘யானையைத் தூக்கில் போட்ட ஊர்’ என்ற பெயர் நூறு ஆண்டுகள் கழிந்தும் இர்வினை விட்டு அகலவில்லை.

2019-இல் அதே வட்டாரத்தைச் சேர்ந்த எலிசபெத்டன் உயர்நிலைப் பள்ளியின் நான்கு மாணவர்கள் இந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள். யானை செத்த விதத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த ஊர் மக்கள் இன்று என்ன நினைக்கிறார்கள், பழியைத் துடைக்க என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். இர்வினில் இப்போது யானைச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டித் தெருவில் நிறுத்துகிறார்கள். பிறகு அவற்றை ஏலம் விட்டு, அதே மாநிலத்திலுள்ள யானைகள் சரணாலயத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். பழைய கொடுமையையும் இன்றைய பிராயச்சித்தத்தையும் சேர்த்துப் பிள்ளைகள் ஒரு பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, செய்தார்கள். ‘கொலைகார மேரியும் இர்வினின் எழுச்சியும்’ என்பது தலைப்பின் பொருள். அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். முதன்முறையாக நடத்திய மாணவர் பாட்காஸ்ட் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 6,000 படைப்புகள் வந்து குவிந்தன. உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் முதல் பரிசு இந்த யானைக் கதைக்கு.

நடுநிலைப் பள்ளிப் பிரிவில் பரிசு வாங்கியவர்கள் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் எட்டாம் வகுப்பு படித்த சிறுமிகள். அவர்கள் தலைப்பே ‘ஷ்ஷ்! பீரியட்ஸ்’. மாதவிடாய் என்ற சொல்லை எடுத்தாலே ஏன் குரல் தானாகத் தாழ்கிறது, வீட்டிலும் பள்ளியிலும் அது ஏன் வெட்கமாகிறது என்று அவர்கள் கேட்டார்கள். வகுப்பறைக்குள் கிசுகிசுப்பாக இருந்த பேச்சு, நாடு முழுக்கக் கேட்கும் வானொலிக்குப் போனது.

இந்த இரண்டு வகுப்பறைகளிலும் நடந்த வேலையைக் கவனித்துப் பாருங்கள். வரலாறு படித்தார்கள், பேட்டி எடுத்தார்கள், எழுதினார்கள், எழுதியதை அடித்துத் திருத்தினார்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாம் பாடத்திட்டம் கேட்கும் வேலைகள்தான். ஆனால் விடைத்தாளைப் படிப்பவர் ஒருவர் மட்டும்தான். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள்.

ஒரு சொல் பிறந்த கதை

‘பாட்காஸ்ட்’ என்ற சொல்லுக்கு வயது இருபதுக்கு மேல். 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் அது முதலில் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் வலையொலி, ஒலியோடை என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தாயிற்று. பேச்சில் நிலைத்திருப்பது என்னவோ பாட்காஸ்ட்தான்.

பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகம் வியப்பானது. 2005-இலேயே நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் வில்லோடேல் தொடக்கப் பள்ளி ‘ரேடியோ வில்லோவெப்’ என்ற பெயரில் பிள்ளைகளே நடத்தும் பாட்காஸ்டைத் தொடங்கியது. ஆரம்பித்து வைத்தவர் ஆசிரியர் டோனி வின்சென்ட். அதில் ஒரு பகுதிக்குச் சொல் நாடகம் என்று பெயர்: ஒரு கடினச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருள் கேட்பவர்களுக்குப் பிடிபடும்படி ஒரு குட்டிக் காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதும் வீட்டுப்பாடம்தான் அது, குரல் கிடைத்ததும் நாடகமாகிவிட்டது. அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் வெல்ஸ் ஊரில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர் பாப் ஸ்ப்ராங்கிளுடன் ‘ரூம் 208’ என்று வகுப்பறை எண்ணையே பெயராக வைத்துப் பேசத் தொடங்கினார்கள். ஸ்மார்ட்ஃபோன் பரவாத காலம் அது. இன்றைக்கு ஒரு சாதாரண செல்போனில் முடிகிற காரியத்துக்கு அன்று மைக், கணினி, கேபிள் என்று ஒரு மேசை நிறையச் சாமான் வேண்டியிருந்தது.

ஷேக்ஸ்பியர் இடத்தில் ஒரு கொலை வழக்கு

பாட்காஸ்டை வகுப்பில் போட்டுக் கேட்க வைப்பது வேறு ஒரு பாதை. அதற்குப் பெரிய திருப்பம் 2014 அக்டோபரில் வந்தது. சாரா கோனிக் என்ற பத்திரிகையாளர், 1999-இல் பால்டிமோரில் நடந்த ஒரு மாணவியின் கொலையைப் பன்னிரண்டு பகுதிகளாக விசாரித்துச் சொன்ன ‘சீரியல்’ வெளியானது. மாணவியின் முன்னாள் காதலன் ஆயுள் தண்டனையில் சிறையில் இருந்தார். அவர்தான் கொன்றாரா? சாட்சி சொன்னவர் சொன்னது உண்மையா? அந்த மதியம் இருபத்தோரு நிமிடத்தில் இவ்வளவும் நடந்திருக்க முடியுமா?

கலிஃபோர்னியாவில் ஓர் ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியர் நாடகம் நடத்த வேண்டிய இடத்தில் இதைப் போட்டார். கேட்ட பிள்ளைகள் வாதாடினார்கள். செல்போன் கோபுரப் பதிவுகளை வரைபடத்தில் குறித்தார்கள், ஒருவர் சாட்சியத்தை மற்றவர் சாட்சியத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அந்த ஆசிரியர் பின்னர் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதியபோது ஒரு வேடிக்கையான விஷயத்தையும் குறிப்பிட்டார். ஒலி ஓடும்போதே அதன் எழுத்து வடிவத்தையும் திரையில் காட்டச் சொல்லிப் பிள்ளைகளே கேட்டார்களாம். வாசிக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைகள், கேட்டதை வாசிக்க ஆசைப்பட்டார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். அது கற்பனைக் கதை இல்லை. இறந்துபோன ஹே மின் லீ உண்மையான பெண். அவள் குடும்பம் இன்னும் இருக்கிறது. பாட்காஸ்டுக்குப் பிறகு அந்தத் தண்டனை ரத்தானதும், மறுபடி நிலைநாட்டப்பட்டதும், கடைசியில் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டதுமாக வழக்கு 2025 வரை இழுத்துக்கொண்டே போனது. சான்று என்றால் என்ன, சந்தேகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் அரிது. ஆனால் ஒரு குடும்பத்தின் துக்கத்தை வகுப்பறையின் புதிராக மட்டும் மாற்றிவிடாமல் நடத்த ஆசிரியருக்குப் பக்குவம் வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கவலை இல்லை. மின்னசோட்டா பொது வானொலியின் ‘பிரெய்ன்ஸ் ஆன்’ அறிவியல் நிகழ்ச்சியில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறுவனோ சிறுமியோ உடன் தொகுத்து வழங்குகிறார். வெர்மான்ட் பொது வானொலியின் ‘பட் ஒய்’ நிகழ்ச்சிக்கு 2016 முதல் குழந்தைகள்தான் கேள்வி அனுப்புகிறார்கள். அந்தத் துறையில் தெரிந்தவர் பதில் சொல்கிறார்.

கேட்டால் போதுமா?

ஆர்வலர்கள் பேச விரும்பாத ஓர் ஆய்வு இருக்கிறது. 2010-இல் டேவிட் டேனியல், வில்லியம் வூடி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. கல்லூரி மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்தது. இன்னொரு குழு அதையே பாட்காஸ்டாகக் கேட்டது. பின்னால் ஒரு தேர்வு வைத்தார்கள். படித்தவர்கள் சராசரி 81 சதவீதம். கேட்டவர்கள் 59.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? கண் திரும்பிப் போகும். புரியாத வரியில் நிற்கும், மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரும். பத்தி, தலைப்பு, முற்றுப்புள்ளி எல்லாம் கண்ணுக்கு வழிகாட்டும். காதுக்கு அந்த வசதி இல்லை. மனம் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டு வருவதற்குள் நான்கு வாக்கியம் ஓடிப்போயிருக்கும். ஓடியது தெரியவும் தெரியாது.

ஆனால் கதை வேறு. 2016-இல் பெத் ரோகவ்ஸ்கியும் சகாக்களும் ‘அன்புரோக்கன்’ என்ற உண்மைக் கதை நூலின் ஒரு பகுதியைச் சிலருக்குப் படிக்கவும், சிலருக்குக் கேட்கவும், சிலருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்யவும் கொடுத்துச் சோதித்தார்கள். புரிதலில் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. நூல் பிடித்தபடி போகிற கதையைக் காது கைவிடுவதில்லை. அடர்ந்த விளக்கப் பாடத்தில்தான் அது தடுமாறுகிறது.

மூன்றாவது ஆய்வுதான் ஆசிரியர்களுக்குப் பயன்படும். 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியா கல்லூரியில் டானி மெக்கினியும் வேறு இருவரும் செய்தது. ஒரு குழு வகுப்பில் உட்கார்ந்து விரிவுரை கேட்டது. இன்னொரு குழு அதே விரிவுரையைப் பாட்காஸ்டாக எடுத்துப்போய்க் கேட்டது. தேர்வில் பாட்காஸ்ட் குழு 71, வகுப்புக் குழு 62. ஆனால் இந்த லாபம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, குறிப்பெடுத்தவர்களுக்குத்தான் கிடைத்தது. பேருந்து ஜன்னலோரம் சும்மா கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஆசிரியர் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டால் அது பாடமாகாது. இடையில் நிறுத்த வேண்டும். “இப்போது என்ன சொன்னார்? அடுத்து என்ன சொல்வார்?” என்று கேட்க வேண்டும். கையில் பென்சில் இருக்க வேண்டும். வகுப்பறையில் பாட்காஸ்டின் மிக முக்கியமான பொத்தான் நிறுத்துகிற பொத்தான்தான்.

கேட்பதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பைப் பற்றி ஒரு சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம். எழுத்துக் கூட்டத் திணறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, தன்னால் படிக்க முடியாத உயரத்திலுள்ள செய்தியைக் காதால் பிடித்துக்கொள்ள முடியும். ஏறத்தாழ எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளின் காது அவர்கள் கண்ணைவிட முன்னால் ஓடுகிறது என்று தாமஸ் ஸ்டிக்ட் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். படிப்பில் பின்தங்கிய பிள்ளை என்று நாம் முத்திரை குத்தும் குழந்தை, அறிவில் பின்தங்கியது இல்லை என்பதை அந்தக் குழந்தையே உணர ஒரு வாய்ப்பு அது.

வானொலி சொல்லிக்கொடுத்த பாடம்

காதுவழிக் கல்வி நேற்று வந்ததும் இல்லை. பி.பி.சி. 1924-லேயே பள்ளிகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. 1930-இல் சென்னை மாநகராட்சி வானொலி நடத்த ஆரம்பித்தபோது, இசையோடு பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களும் கதைகளும் அதில் இடம்பெற்றன. 1951-இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘ஆகாயப் பள்ளி’ தொடங்கியது. பக்கத்து வீடே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பண்ணைப் பிள்ளைகள், இருவழி வானொலியில் தங்கள் ஆசிரியையோடு பேசிப் படித்தார்கள்.

இவற்றில் மிகவும் கூர்ந்து கவனிக்க வேண்டியது நிகராகுவாவில் நடந்தது. 1974-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் சப்பீஸ் தலைமையிலான குழு, மசாயா பகுதியின் தொடக்கப் பள்ளிகளில் வானொலி வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தது. அந்த வானொலி சும்மா பேசிக்கொண்டே போகவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும். அந்த இடைவெளியில் வகுப்பே சேர்ந்து உரக்கப் பதில் சொல்லும். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். அடுத்த கேள்வி. அரை மணி நேரம் முழுக்க இப்படியே போகும். வானொலி ஓய்ந்ததும் ஆசிரியர் தொடர்வார். பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. அந்த முறை பிறகு கென்யா உட்படப் பல நாடுகளுக்குப் போனது. இந்தியாவுக்கும் வந்தது. கர்நாடகத்தில் ஆகாசவாணி வழியே பள்ளிகளுக்கு ஒலிபரப்பான நிகழ்ச்சியின் பெயர் ‘கேளி கலி’. ‘கேட்டுக் கற்றுக்கொள்’ என்பது அதன் பொருள்.

2014-இல் எபோலா பரவிச் சியரா லியோனில் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டபோது, அரசு வானொலிப் பாடங்களைத்தான் நம்பியது. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பாடங்களைத் தங்கள் குரலில் பதிவுசெய்து இணைய வானொலியாக நடத்தினார்கள். காணொலிப் பாடம் பார்க்க ஸ்மார்ட்ஃபோனும் தாராளமான டேட்டாவும் வேண்டும். ஒலிக் கோப்பு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தின்னாது.

போர்வைக்குள் ஒரு ஸ்டுடியோ

கேட்பதைவிடச் செய்வதில்தான் பாட்காஸ்டின் முழுப் பலனும் இருக்கிறது. எலிசபெத்டன் பிள்ளைகளிடமிருந்து கற்க வேண்டியது அதுதான். அதே பள்ளியின் சமூகவியல் வகுப்பு 2018-இல், முப்பது ஆண்டுகளாகத் துப்புக் கிடைக்காமல் கிடந்த பெண்கள் கொலை வழக்குகளை எடுத்து ஆராய்ந்து, தாங்கள் கண்டதைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் வெளியிட்டது. பாடப்புத்தகத்துக்கு வெளியே போய்க் கேள்வி கேட்கப் பழகிய பள்ளியில்தான் யானைக் கதை பிறந்திருக்கிறது.

வகுப்பில் ஒரு பாட்காஸ்ட் எப்படி உருவாகிறது? முதலில் ஒரு கேள்வி வேண்டும். ‘எங்கள் ஊர் ஏரி’ என்பது தலைப்புதான். ‘எங்கள் ஏரியில் ஏன் ஆகாயத்தாமரை மட்டும் இருக்கிறது?’ என்பது கேள்வி. கேள்வி கிடைத்ததும் யாரைக் கேட்பது என்று தேட வேண்டும். பேட்டியில் ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள் உதவாது. “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினம். எதிரே இருப்பவர் ஒரு நொடி தயங்கினால் போதும், அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால்தான் நல்ல பதில் இருக்கும்.

பதிவு செய்ய ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரி முன்போ, தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டோ பேசினால் எதிரொலி அடங்கிவிடும். செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுக் காற்று அடிக்காது. மின்விசிறியை அணைக்க மறக்கக் கூடாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது வானொலிக்காரர்களின் வழக்கம். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும். நாற்பது பிள்ளைகளை ஒரு நிமிடம் அசையாமல் நின்று, தங்கள் பள்ளி வளாகத்தில் என்னென்ன கேட்கிறது என்று கவனிக்க வைப்பதே ஒரு பாடம்.

பிறகு எடிட்டிங். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. செல்போனிலேயே செய்யவும் செயலிகள் உண்டு. அரைமணி நேரப் பேட்டியை மூன்று நிமிடமாகச் சுருக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? விட்டதால் அவர் சொன்னதன் பொருள் மாறிவிட்டதா? சுருக்கி வரைதல் என்று தமிழ்த் தேர்வில் கேட்கிறார்களே, அதேதான். ஆனால் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்ற கட்டளைக்கு இல்லாத உயிர் இதற்கு வந்துவிடுகிறது. சுருக்கப்படுவது ஒரு பாட்டியின் வார்த்தை. தப்பாக வெட்டினால் நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார்.

அமெரிக்காவில் ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற அமைப்பு 2015 முதல் ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுக்கிறது. நன்றி செலுத்தும் நாள் விடுமுறையில் வீட்டுக்குப் போகும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், குடும்பத்துப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டும். அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் வீட்டுப்பாடம் தேசத்தின் ஆவணமாகிறது.

யார் விடுபடுகிறார்கள்?

காது கேளாத பிள்ளைகளை இந்த உற்சாகத்தில் மறந்துவிடுவது எளிது. ஒவ்வொரு ஒலிக்கும் எழுத்து வடிவம் இருந்தாக வேண்டும். 2024 மார்ச்சில் ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியில் தானியங்கி எழுத்து வடிவத்தைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகள்தான் இருந்தன. தமிழில் செய்யும் ஆசிரியர் அதைக் கையாலேயே எழுத வேண்டியிருக்கலாம், அல்லது பிள்ளைகளையே எழுதவைக்கலாம். மறுபுறம், பார்வையில்லாத பிள்ளைகளுக்கு இது மற்றவர்களோடு சமமாக உட்காரக் கிடைத்த இடம்.

பிள்ளைகளின் குரலைப் பொதுவில் வைப்பதிலும் கவனம் வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் இணையத்தில் ஏற்றக் கூடாது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. முழுப் பெயரோ வீட்டு முகவரியோ பதிவில் வரக் கூடாது. இணையத்தில் ஏற்றவே வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டாலே முந்நூறு பேர் கேட்பார்கள்.

இப்போது இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கூகுள் தன் ‘நோட்புக் எல்எம்’ சேவையில் ஒரு வசதியைச் சேர்த்தது. பாடப்புத்தகத்தின் பக்கங்களைக் கொடுத்தால், இரண்டு செயற்கைக் குரல்கள் அதைப் பற்றி அளவளாவும் பாட்காஸ்ட் சில நிமிடங்களில் வந்துவிடும். அடுத்த ஆண்டே அது 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. மறுபார்வைக்கு அது உதவலாம். ஆனால் இர்வின் ஊருக்குப் போய் அங்குள்ளவரிடம் “இந்தப் பழியோடு எப்படி வாழ்கிறீர்கள்?” என்று எந்த இயந்திரமும் கேட்கவில்லை. பிள்ளைகள் பேட்டி எடுத்துச் செய்யும் பாட்காஸ்டுக்கு முன்னைவிட இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது.

எந்தத் தமிழில் பேசுவது?

தமிழ் வகுப்பறைக்கு ஒரு தனிச் சிக்கலும் இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் ஏறக்குறையப் பேச்சுப் போலவே இருக்கும். தமிழில் அப்படி இல்லை. ஒரு பிள்ளை எழுதிவைத்து வாசிக்கும்போது “நாங்கள் ஏரிக்கரைக்குச் சென்றோம்” என்று மேடைக்குரல் வந்துவிடுகிறது. பேட்டியில் தாத்தா “அப்பல்லாம் இந்தக் கரை மேல நடக்கவே முடியாது தம்பி” என்கிறார். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எந்த மொழிக்கு உயிர் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கே தெரிந்துவிடும். எங்கே எழுத்துத் தமிழ், எங்கே பேச்சுத் தமிழ், தன் ஊர் வழக்கை எவ்வளவு விடலாம் என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். மொழியின் இரண்டு கரைகளுக்கும் இடையே இப்படி நடந்து பழகுவதற்கு நம் தேர்வு முறையில் வேறு இடமே இல்லை.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழித்திறன் நான்கு என நம் ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொதுத்தேர்வில் தமிழ் விடைத்தாள் அளப்பது கடைசி இரண்டை மட்டும்தான். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து 42-ஆவது அதிகாரமாக நிற்பது கேள்வி. காதால் கேட்டறிவதற்கும் வினா எழுப்புவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது.

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடுகள் இருக்கின்றன. செல்போனைக் காட்டினால் காணொலி திறக்கும். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பள்ளிப் பிள்ளையின் குரலும் இருக்கலாம்: வைகையைப் பற்றிய பாடத்தில் மதுரைப் பிள்ளைகள் எடுத்த பேட்டி, கடல் பாடத்தில் நாகப்பட்டினத்து மீனவரின் பேச்சு. பாடநூல் கழகம் இதைச் செய்ய நினைத்தால், செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆசிரியராக இருந்தால், இந்த வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு செல்போன் போதும். பெற்றோராக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால், இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, பாட்டியிடம் அவர் படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.